பிரேக் டீச்சரின் இரண்டு கார்பரேட்டர்கள்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை ஊரில் எல்லோரும் பிரேக் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன் மேல் அவருடைய வலது கால் இருபத்திரண்டு வருடம் இருந்தது. வெள்ளைத் துணி ஷூ போட்டிருப்பார். இடது ஷூ புதிதாக இருக்கும்போதே வலது ஷூவின் நுனி தேய்ந்து கிழிந்துவிடும். கத்த மாட்டார், திட்ட மாட்டார். "மெதுவா... மெதுவா... அவ்வளவுதான்" என்பார். மூன்று முறை தேர்வில் கோட்டை விட்டு நான்காம் முறை உரிமம் வாங்கியவன் நான். அந்த "அவ்வளவுதான்" எத்தனை முறை என் காதில் விழுந்திருக்கும் என்று எனக்கே கணக்கில்லை.

காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஓய்வு. மறுபடி ஏழு மணி வரை வகுப்பு. ஒரு நாளைக்குப் பதினோரு பேர். பதினோரு பேரும் அவரைக் கொல்லப் பார்ப்பார்கள், எல்லோரையும் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். வீட்டில் கணவர் இருப்பார். அவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுப்பவர். மாடியில் ஒரு சின்ன அறை, அதில் வரிசையாக மாக்கட்டித் தாடைகள், ஒரு விளக்கு, ஒரு முக்காலி. நாள் முழுக்கக் குனிந்தே இருந்து அவருடைய கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் டீ குடிப்பார்கள். சண்டை இல்லை. பேசுவதற்கு உடம்பில் தெம்பு இருக்காது, அவ்வளவுதான்.

இந்தக் கதை தொடங்கியதற்கு நானும் ஒரு காரணம். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"டீச்சர், நீங்க அதிகபட்சம் எவ்வளவு வேகத்துல போயிருக்கீங்க?"

"நாப்பது" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்ககூட இல்ல. உங்ககூட இருபது" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்ததாகப் பின்னால் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், சொந்தமாக ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு நீண்ட சாலையில் மனம்போல் போனதே இல்லை. வண்டியைக் கழுவ எடுத்துப்போவதும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதும்தான் அவர் ஓட்டிய ஓட்டம்.

அந்த வருட மழையில் ஸ்கூலுக்கு முன்னாலிருந்த சாக்கடை பொங்கி, ஸ்கூலின் இரண்டு வண்டிகளில் ஒன்றான வெள்ளைக் காருக்குள் தண்ணீர் புகுந்தது. பதின்மூன்று வயதான சின்ன கார். பக்கத்து இருக்கையின் கால்வைக்கும் இடத்தில், கம்பளத்துக்கு அடியில்தான் அதன் கம்ப்யூட்டர் பெட்டி. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது பொறி தட்ட வேண்டும் என்று சொல்வது அதுதான். பெட்டி செத்தது, வண்டியும் படுத்தது. அந்த மாடல் நின்றுபோய் வெகு காலமாகிவிட்டதால் புதுப் பெட்டி கிடைக்கவில்லை. எங்கிருந்தோ கழற்றி வந்த பழைய பெட்டி இந்த வண்டியின் சாவியை அடையாளம் கண்டுகொள்ள மறுத்தது. ஸ்கூல் ஓனர் கையை விரித்துவிட்டார்.

"காயலான் கடைக்குத்தான் போகணும் டீச்சர். வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க. நீங்கதானே அதுல அதிகமா உக்காந்தது."

டீச்சர் தன் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி ஜெனரேட்டர்களும் படகு எஞ்சின்களும் பழுது பார்ப்பவர். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. எந்த வேலையையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவதாகச் சொல்வார். எந்த வாரம் என்று மட்டும் சொல்ல மாட்டார். கல்யாணத்துக்கு முன்பு சில வருடம், கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் ஒரு கிளப் நடத்தும் கார் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு குடும்பம், இடுப்பு வலி, விட்டுவிட்டார்.

தம்பி வந்து கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். பச்சை பூத்த பெட்டியை விரலால் சுரண்டினார்.

"அக்கா, இது தேறாது. ஆனா பெட்டியே இல்லாம ஓட்ட ஒரு வழி இருக்கு."

"என்ன வழி?"

"கார்பரேட்டர் வச்சிடலாம். இப்ப இதுல பெட்ரோல ஊசி போடுற மாதிரி பீய்ச்சுது. எவ்வளவு பீய்ச்சணும்னு அந்தப் பெட்டி சொல்லுது. கார்பரேட்டர்ல யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. எஞ்சின் காத்த இழுக்கும், போற காத்து பெட்ரோலக் கையோட கூட்டிட்டுப் போகும்."

"பொறி?"

"இந்த எஞ்சினுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான், இதுக்கு முந்தின மாடல். அவனுக்குப் பொறிய பங்கு போட்டுக் குடுக்க தனியா டிஸ்ட்ரிபியூட்டர் உண்டு. இதோ பார், அது உக்காந்த இடத்த ஒரு மூடி போட்டு அடைச்சு வச்சிருக்கான். மூடியக் கழட்டினா அப்படியே உக்காரும்."

"ரோட்டுல விடுவாங்களாடா?"

"விட மாட்டாங்க. புகை சோதனையில தூக்கிருவாங்க. இது ரோட்டுக்கு இல்ல. ஓடுதளத்துக்கு. அங்க கம்ப்யூட்டர் இல்லாத வண்டிங்களுக்குன்னு ஒரு பிரிவு இன்னும் வச்சிருக்காங்க."

"யார் ஓட்டுறது?"

"நீதான்."

"எனக்கு நாப்பத்தொம்பது வயசுடா."

"கார்பரேட்டருக்கு அதவிட அதிகம்" என்றார் தம்பி.

இப்படித்தான் வெள்ளைக் கார் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை, மற்றவர்கள் தூங்கும் நேரத்தில், டீச்சர் பஸ் பிடித்துப் போவார். போய்வரவே ஒரு மணி நேரம். மிச்சம் இருக்கும் ஒரு மணி நேரத்தில் கொட்டகைச் சூட்டில் நின்று வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழு நாள். முதலில் இரண்டாவது பிரேக்கைக் கழற்றினார்கள். பிறகு பின் இருக்கை, கம்பளம், ரேடியோ. பிறகு வயர்கள். வயர் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு மூட்டை சேர்ந்தது. "வயித்துல இவ்வளவையும் வச்சுக்கிட்டா என்கிட்ட நாப்பதுல போச்சு?" என்றார் டீச்சர்.

காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து, படுக்கை வசத்தில் மாட்டும் இரட்டை வாய் கார்பரேட்டர்கள் இரண்டு கிடைத்தன. அவற்றைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் டீச்சரே தேய்த்தார். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. எஞ்சினின் பழைய காற்றுக் குழாய்க்கு இவை பொருந்தாது என்பதால், தம்பி தடிமனான தகட்டில் அளவெடுத்து வெட்டி, நான்கு குட்டைக் குழாய்களை அதில் பற்றவைத்தார். முதல் தகடு சூட்டில் வளைந்துபோனது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவதைக் கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்த டீச்சருக்கு ஒன்பது மதியங்கள் பிடித்தன. மாலை வகுப்புக்கு வரும்போது அவர் கை தூக்க முடியாமல் தொங்கும். நான் உரிமம் வாங்கிய பிறகும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "உடம்பு சரியாத்தான் இருக்கு. நாந்தான் சரியில்ல" என்பார்.

எல்லாம் மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை கணவரும் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தம்பிக்குப் பொறுமை இல்லை. டேங்குக்குள் பழைய பம்ப்பே இருந்தது. அது ஊசி போடுகிற வண்டிக்கான பம்ப், அடித்தால் பீரங்கி மாதிரி அடிக்கும். கார்பரேட்டருக்குத் தேவையோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புதுப் பம்ப் அடுத்த வாரம்தான் வரும்.

"சும்மா ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம். குழாய இடுக்கியால நெருக்கிப் புடிச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்றார் தம்பி.

டீச்சர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஊசி அந்த அழுத்தத்தைத் தாங்காமல் திறந்துகொள்ள, நான்கு வாயிலிருந்தும் பெட்ரோல் கொட்டியது. தம்பி "நிறுத்து!" என்று கத்துவதற்குள் எஞ்சின் ஒருமுறை பின்வாங்கித் தும்மியது. தும்மலோடு நெருப்பு வந்தது. தம்பி ஈரச் சாக்கைத் தூக்கிப் போட்டு அமுக்கினார். பத்து விநாடிதான். பானெட் பெயிண்ட் கொப்புளித்துப்போனது. தம்பியின் ஒரு பக்கப் புருவம் முழுசாகக் காணாமல்போனது. டீச்சர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

கணவர் கையில் பிளாஸ்க்கோடு அப்படியே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"போதும்மா. நான் நாள் பூரா இல்லாத பல்லுக்குப் பதிலா பல்லு செய்றேன். நீ இல்லாமப் போனா அதுக்குப் பதிலா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

 மூவரும் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். நான்கு நாள் அந்த வீட்டில் காரைப் பற்றிய பேச்சே எழவில்லை. டீச்சர் மதியம் வீட்டுக்கு வந்து படுத்தார். படுத்தால் தூக்கம் வரவில்லை. அத்தனை மாதம் மதியத் தூக்கத்துக்கு ஏங்கியவர், கிடைத்தபோது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "களைப்பு ரெண்டு வகை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஒண்ணு தூங்கினா போகும். இன்னொண்ணு தூங்கினா அதிகமாகும்."

கணவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்தாம் நாள் டீ குடிக்கும்போது, டம்ளரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் போற துளை எவ்வளவு பெரிசு?"

"ஜெட்டா? ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஏன்?"

"உன் தம்பி அத எதால துளைக்கிறான்?"

"வீட்டுல இருந்த ஊசியால."

கணவர் எழுந்து மாடிக்குப் போனார். வரும்போது ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்தார். பல்லுக்குள் கம்பி பதிக்கத் துளையிடும் முடி போன்ற துரப்பணங்கள், அளவு வாரியாக. "ஊசியால குத்தினா துளை கோணலாயிரும். கோணல் துளையில எதுவும் நேரா வராது. நாளைக்குக் கழட்டி எடுத்துட்டு வா. ஆனா புதுப் பம்ப் மாட்டாம அவன் சாவியத் தொடக் கூடாது. தீயணைப்பான் ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லு."

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி நடந்தது. அளவான அழுத்தம் தரும் சின்னப் பம்ப் வந்தது. பித்தளை ஜெட்டுகள் ஒவ்வொன்றும் மாடி அறையில் மாக்கட்டித் தாடைகளுக்கு நடுவே தயாராயின. துளை பெரிதாகிவிட்டால் கணவர் அதை ஈயத்தால் அடைத்து மறுபடி துளைப்பார். கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருகாணியைத் திருப்ப வேண்டும். தம்பிக்கு ஜெனரேட்டர் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. டீச்சர்தான் கேட்டார். "இது பெருமூச்சு விடுது. அது குறட்டை விடுது" என்பார். தம்பி திருப்புவார்.

பெட்ரோல் அதிகமா குறைவா என்று ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கரி பிடித்திருந்தால் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு.

"பிஸ்கட் நிறத்துல இருக்கணும் மாமா" என்றார் தம்பி.

"எந்த பிஸ்கட்?" என்றார் கணவர்.

 கணவர் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். நோயாளியின் பல் நிறத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பற்கள் அதில் வரிசையாகப் பதினாறு. பிளக்கை ஒவ்வொரு பல்லோடும் சேர்த்துவைத்து வெளிச்சத்தில் பார்த்தார். சுருட்டு பிடிப்பவர் பல் என்று அவர் சொல்லும் கடைசிப் பல்லுக்குச் சமமாக வரும்வரை ஜெட்டுகளை மாற்றினார்கள். ஏழு முறை மாற்றினார்கள். எட்டாம் முறை வண்டி கொட்டகைக்கு முன்னாலிருந்த மண் திடலில் மூச்சுத் திணறாமல் ஓடியது. அதன் சத்தமே மாறிப்போயிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் தையல் மிஷின் மாதிரி முனகிக்கொண்டிருந்த வண்டி, இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமியது. மூன்று பேரும் சந்தோஷப்பட்டார்களா என்றால், பட்டிருப்பார்கள். ஆனால் அன்று அவர்கள் செய்தது ஆளுக்கொரு டயர் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டதுதான்.

பந்தயத்தன்று நானும் போயிருந்தேன். பெரிய மைதானமோ கூட்டமோ இல்லை. வெடிப்புகளில் புல் முளைத்த ஓடுதளம், டயர்களும் டிரம்களும் அடுக்கி வளைவுகள், ஒரு கூடாரம். ஓட்டுபவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். மருந்துக்கடைக்காரர், டைல்ஸ் ஒட்டுபவர், பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர். வண்டிகளைச் சோதிக்க ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"ஆக்சிலேட்டருக்கு ஸ்பிரிங் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு வேணும். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு கார்பரேட்டர் வாய மூடணும். இல்லேன்னா அனுப்ப மாட்டேன்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். டூல் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அதில் கிடந்த ஒரே ஸ்பிரிங் இரண்டாவது பிரேக்கிலிருந்து கழற்றியது. அதையே வளைத்து மாட்டினார். தபால்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, "கால் வலிக்குமே" என்றார்.

"அது பழகின வலிதான்" என்றார் டீச்சர்.

அந்தப் பந்தயம் மூன்றே சுற்றில் முடிந்தது, அவருக்கு மட்டும். நேர்ப் பாதையில் வண்டி நன்றாகத்தான் போனது. வளைவு வந்தால் டீச்சர் கால் தானாகப் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். மிதித்துவிட்டு ஆக்சிலேட்டரைத் தொட்டால் வண்டி இருமும், திணறும், பிறகு பிடிக்கும். மூன்றாம் சுற்றில் அவருக்கு முன்னால் போன வண்டி கொஞ்சம் ஆடியது. டீச்சர் அத்தனை வருடப் பழக்கத்தில் முழு பலத்தோடு மிதித்தார். எஞ்சின் நின்றேபோனது. டயர் சுவரோரம் இறங்கி நின்றார். கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் வெளிறியிருந்தது. "நான் பக்கத்து சீட்டுக்குத்தான் லாயக்கு" என்றார்.

தம்பி கார்பரேட்டரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, வண்டில பழுது ஒண்ணும் இல்ல. இதுக்குள்ள பெட்ரோல் ஒரு குட்டித் தொட்டியில நிக்குது. நீ இடி விழுந்த மாதிரி மிதிச்சா தண்ணி குடத்துல அலம்புற மாதிரி எல்லாம் முன்னால ஓடிருது. ஜெட்டு காஞ்சு போகுது. ஊசி போடுற வண்டிக்கு இந்தக் கவலை இல்ல, எப்படி மிதிச்சாலும் பொறுத்துக்கும். இது பொறுக்காது."

"அப்ப பிரேக்கே போடக் கூடாதா?"

"போடு. நேரா இருக்கும்போதே, பூ மாதிரி போடு. வளைவுக்குள்ள போனப்புறம் அத மறந்துடு."

சொல்வது சுலபம். அடுத்த பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. சனிக்கிழமை மதியங்களில் கிளப் ஓடுதளத்தைப் பயிற்சிக்குத் திறந்துவிடும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முதல் நாளே வளைவில் பயந்துபோய் அவர் காலால் தரையை உதைக்க, டீச்சர் கத்தினார். அவர் வாழ்க்கையில் ஓட்டும்போது கத்தியது அன்றுதான்.

"கால எடுடா! நீ மிதிச்சா நானும் மிதிப்பேன்!"

அடுத்த வாரத்திலிருந்து தம்பி வெளியே நின்றுகொண்டார். டீச்சர் தனியாகச் சுற்றினார். ஒரு மதியத்துக்கு இருபது சுற்று. வண்டி இருமினால் தப்பு செய்தார் என்று அர்த்தம். முதல் வாரம் இருபது சுற்றில் ஐம்பது இருமல். நான்காம் வாரம் பன்னிரண்டு. அந்தக் கடின ஸ்பிரிங்கால் முழங்கால் வீங்கி, திங்கட்கிழமை காலை ஆறு மணி வகுப்புக்கு நொண்டிக்கொண்டு வருவார். அங்கேயோ பதினோரு பேருக்கும் ஓங்கி மிதிக்க வேண்டும். வாரம் முழுக்க மிதிப்பதும், சனிக்கிழமை மிதிக்காமல் இருப்பதுமாக ஒரே காலுக்கு இரண்டு உத்தியோகம். கணவர் வெந்நீர்ப் பையை எடுத்துவந்து வைப்பார். விட்டுவிடு என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன் என்று டீச்சர் சொன்னார். அவர் சொல்லவில்லை.

இரண்டாவது பந்தயத்தில் பதினான்கு வண்டிகள், எட்டுச் சுற்று. டீச்சர் பதின்மூன்றாவதாகக் கிளம்பினார். ஐந்து சுற்று பெரிய சம்பவமில்லை. வண்டி ஒரே ஒருமுறை இருமியது. ஆறாம் சுற்றில் அவருக்கு முன்னால் மருந்துக்கடைக்காரரின் நீல வண்டி. பத்து வருடத்துக்கு முன் டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டவர். நீண்ட வளைவில் அவர் ஆத்திரப்பட்டு ஆக்சிலேட்டரை அழுத்த, நீல வண்டி பின்பக்கம் வழுக்கிச் சுழன்று பாதைக்குக் குறுக்கே வந்து நின்றது. நான் கூடாரத்துப் பக்கம் நின்றிருந்தேன். பக்கத்தில் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பியின் வாய் "மிதிக்காத, மிதிக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் மிதிக்கவில்லை. காலை ஆக்சிலேட்டரிலிருந்து கொஞ்சம் தளர்த்தி, ஸ்டியரிங்கை உள்பக்கம் ஒடித்து, நீல வண்டிக்கும் டயர் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து போய்விட்டார். எஞ்சின் சத்தம் அறுபடவே இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கணவர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கண்ணைத் திறந்தார்.

பதினொன்றாவதாக முடித்தார். பதினொன்றாவதுக்குக் கோப்பை கிடையாது, பெயரைக்கூட வாசிக்க மாட்டார்கள். மருந்துக்கடைக்காரர் புழுதியோடு நேராக அவரிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க பிரேக் போட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்" என்றார் டீச்சர்.

"வண்டி திரும்பினப்ப, நீங்க பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு."

"அதான் பின்னாலயே வந்தேனே."

அப்போது சிரித்தார். சிரித்துக்கொண்டே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர், கையுறையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூங்கிப்போனார். பரிசு கொடுத்தார்கள், கைதட்டினார்கள், ஒலிபெருக்கி அலறியது. அவர் அசையவில்லை. கூடாரத்தைப் பிரிக்க ஆட்கள் வந்தபோதுதான் கணவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

எத்தனை வேகத்தில் போனீர்கள் என்று நான் கேட்டேன். "தெரியல. மீட்டர் வயரும் அந்த மூட்டையோட போயிருச்சு" என்றார்.

நான்கு வருடம் ஓட்டினார். ஒருமுறை ஏழாவதாக வந்தார், அதுதான் அதிகம். இரண்டு முறை வண்டி பாதியில் நின்றது. ஒருமுறை ஜெட்டில் துருத்தூள், ஒருமுறை தம்பி மூடியை இறுக்க மறந்தது. ஒரு மழை நாளில் சுழன்று டயர் சுவரில் மோதி, கதவு நசுங்கியது. ஸ்கூலில் வகுப்புகள் எப்போதும்போல் நடந்தன, பதினோரு பேர் ஒன்பது பேரானார்கள். பந்தயம் ஓட்டுவது தெரிந்ததும் சில பெற்றோர் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்தார்கள். சில பிள்ளைகள் அதற்காகவே வந்து சேர்ந்தார்கள்.

போன வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் காலால் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாராம். பந்தயம் கூடாது, வகுப்பும் கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது ஸ்கூலில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். கார் தம்பியின் கொட்டகையில் நிற்கிறது.

கார்பரேட்டர் வண்டியைச் சும்மா போட்டுவைத்தால் உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட் அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறையாவது ஓடவிட வேண்டும். அதற்கு ஞாயிறுதோறும் கணவர்தான் பஸ் ஏறிப் போகிறார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிரேக் டீச்சரின் கணவருக்கு ஓட்டத் தெரியாது என்பது ஊருக்கே வேடிக்கை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கால் மணி நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிட்டு வருகிறார்.

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீச்சர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணவர் அப்போதுதான் கொட்டகையிலிருந்து திரும்பியிருந்தார், சட்டையில் பெட்ரோல் வாசனை.

"ஒரு பக்கம் லேசா குறட்டை விடுதும்மா. அடுத்த வாரம் திருகணும்" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்துக் கேட்டார். "பேசாம ஓட்டக் கத்துக்கிறீங்களா? நான் சொல்லித் தரேன்."

"வேண்டாம்மா. ஸ்டார்ட் பண்றதே போதும்."

டீச்சர் வற்புறுத்தவில்லை. கணவர் கை கழுவ உள்ளே போனதும் என் பக்கம் குனிந்து, "நல்லவேளை" என்றார். "சரின்னு சொல்லியிருந்தா மறுபடி ஆறு மணி வகுப்புக்கு எந்திரிக்கணுமே."